காதில் வைத்த பஞ்சு

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். ஏலக்காய்க்குப் பேர்போன ஊர் என்று எல்லாரும் சொல்வார்கள். வாஸ்தவத்தில் ஏலக்காய் மலைமேல் விளைகிறது. விலை பேசுவதுதான் போடியில். எங்கள் பக்கத்துக்கே உரிய சொத்து என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது இலவம் பஞ்சுதான். பங்குனி, சித்திரையில் காய்கள் வெடிக்கும். பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து ஓட்டை உடைத்துப் பஞ்சை ஒரு பக்கமும் கொட்டையை ஒரு பக்கமுமாகப் பிரிப்பார்கள். கொஞ்சம் காற்றடித்தால் போதும். தெரு முழுவதும் பஞ்சு பறக்கும். மோரில் பஞ்சு மிதக்கும். பாட்டியின் தலையில் எது நரைமுடி, எது பஞ்சு என்று கண்டுபிடிக்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் மாமாவும் லீவில் வருவார். வடக்கே ஒரு விமான நிலையத்துப் பட்டறையில் அவருக்கு எஞ்சின் மெக்கானிக் உத்தியோகம். பழுது பார்த்த எஞ்சினை முழுவேகத்தில் ஓடவிட்டு, பக்கத்திலேயே நின்று, அதன் குரலில் ஏதாவது பிசிறு தட்டுகிறதா என்று கவனிப்பது அவர் வேலை. காதை மூலதனமாக வைத்துச் செய்யும் தொழில். அந்த மூலதனம் வருஷத்துக்கு வருஷம் கரைந்துகொண்டே வந்தது.

மாமா பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். "மெதுவாப் பேசுடா தம்பி, நான் பக்கத்துலதானே நிக்கிறேன்!" என்பாள் அம்மா. அவர் வலது காதைத் திருப்பிக்கொண்டு, "என்ன அக்கா சொல்றே?" என்பார். குழந்தைகளாகிய நாங்கள் அவருடைய இடது பக்கம் நின்று அவரைப் பற்றியே கேலி பேசுவோம். அவர் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பு கேட்டதால் வந்ததா, கேளாததால் வந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருக்கு ஒரு விநோதமான பழக்கம் இருந்தது. இரவு படுக்கும்போது டிரான்ஸிஸ்டர் ரேடியோவைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். பாட்டு கேட்க அல்ல. இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள்ளை நிறுத்தி, 'உஸ்' என்ற இரைச்சலை மெல்லிசாக ஓடவிட்டுத் தூங்குவார். பாட்டரி வீணாகிறதே என்று அம்மா எழுந்து போய் அதை நிறுத்துவாள். நிறுத்திய மறுநிமிஷம் மாமா விழித்துக்கொள்வார்.

ஒருநாள் மொட்டை மாடியில் படுத்திருந்தோம். ஊர் அடங்கிவிட்டது. "மாப்ளே, இப்போ உனக்கு என்ன கேக்குது?" என்றார்.

"ஒண்ணும் கேக்கலே மாமா."

"குடுத்து வச்சவன்டா நீ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காது மந்தமானவர், ஒன்றும் கேட்காத என்னைப் பார்த்து ஏன் பொறாமைப்பட வேண்டும்? அந்தக் கேள்விக்கு விடை தெரிய எனக்குப் பல வருஷங்கள் ஆயின. விடை கிடைத்த வழியும் சுற்றுவழிதான். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

*

முதல் முதலாக நான் விமானம் ஏறியபோது எனக்கு வயது இருபதுக்கு மேல். சிறிய விமானம், இரண்டு பக்கமும் சுழலும் விசிறிகள். புறப்படுமுன் ஒரு பெண் தட்டை நீட்டினாள். அதில் பெப்பர்மிண்டும் சிறுசிறு பஞ்சுருண்டைகளும் இருந்தன. பக்கத்திலிருந்த பெரியவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு, எதை எங்கே போடுவது என்று ஒரு கணம் யோசித்தார். நானும் யோசித்தேன், வேறு விஷயம் பற்றி. 'இந்தப் பஞ்சை மாமாவுக்கு யாராவது கொடுத்தார்களா?'

ஆகாய விமானத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் அது எவ்வளவு வேகமாகப் பறந்தது, எவ்வளவு உயரம் ஏறியது என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அது எவ்வளவு சத்தம் போட்டது என்பதற்கு அதிகம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் மனிதன் பறக்கக் கற்றுக்கொண்ட கதைக்குள்ளேயே, பறந்துகொண்டு பேசக் கற்றுக்கொண்ட கதையும் ஒளிந்திருக்கிறது.

ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17-ம் தேதி முதல் தடவை பறந்தது 12 வினாடி. கடந்த தூரம் 120 அடி. கீழ் இறக்கையின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, பக்கத்திலேயே எஞ்சின் உறும, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவனுக்குக் காதைப் பற்றி என்ன கவலை? மூடிய அறை என்ற பேச்சே அப்போது கிடையாது.

பத்து வருஷம் கழித்து ருஷ்யாவில் ஈகோர் சிக்கோர்ஸ்கி என்ற இளைஞர் அந்த அறையைக் கட்டினார். 1913-ல் அவர் உருவாக்கிய 'இலியா முரோமெட்ஸ்' என்ற நான்கு எஞ்சின் விமானத்தில் பிரயாணிகளுக்குத் தனிக்கூடம் இருந்தது. பிரம்பு நாற்காலிகள் இருந்தன. மின்சார விளக்கு இருந்தது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையைக் குழாய் வழியே கூடத்துக்குள் செலுத்தி, ருஷ்யக் குளிரிலும் கூடத்தைக் கதகதப்பாக வைத்திருந்தார். 1914 பிப்ரவரியில் 16 பேரையும் ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டு அந்த விமானம் பறந்தது. குளிருக்கு மருந்து கண்டுபிடித்தாயிற்று. சத்தத்துக்கு? அந்த நாயைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

அமெரிக்காவில் 1926-ல் பறக்கத் தொடங்கிய 'போர்டு டிரைமோட்டார்' விமானத்துக்கு 'தகர வாத்து' என்று செல்லப் பெயர். மடிப்பு மடிப்பான அலுமினியத் தகட்டால் உடம்பு. மூக்கில் ஒரு எஞ்சின். இரண்டு பக்கத்திலும் பிரயாணிகளின் தோளுக்கு அருகே இரண்டு எஞ்சின்கள். தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்கும்போது கூரையில் ஆலங்கட்டி மழை பெய்தால் எப்படி இருக்கும்? அந்த மழை மணிக்கணக்கில் விடாமல் பெய்தால்? பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசுவதென்றால் கத்த வேண்டும். இல்லையேல் சீட்டெழுதிக் கொடுக்க வேண்டும். விமானக் கம்பெனிகள் பிரயாணிகளுக்கு மெல்லுகிற கோந்தும் காதுக்குப் பஞ்சும் கொடுத்தன. 1927-ல் தன்னந்தனியாக அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிய லிண்ட்பர்க்கும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் கிளம்பினார். அவர் உட்கார்ந்திருந்ததும் பிரம்பு நாற்காலிதான். அதில் முப்பத்து மூன்றரை மணி நேரம்.

ஆக, முதல் அத்தியாயத்தில் பஞ்சு காதுக்குள் இருந்தது.

*

இங்கிலாந்தில் வேறு மாதிரி யோசித்தார்கள். சத்தத்தை அடக்க முடியாவிட்டால் அதனிடமிருந்து தள்ளி உட்காரலாமே! இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனிக்காக 'ஹாண்ட்லி பேஜ் 42' என்ற பெரிய இரட்டைத்தட்டு விமானம் 1931-ல் சேவைக்கு வந்தது. எஞ்சின்களும் விசிறிகளும் நடுவில் இருந்தன. பிரயாணிகளின் அறைகள் முன்னே ஒன்று, பின்னே ஒன்று. இரைச்சல் அதிகமான நடுப்பகுதியில் மூட்டை முடிச்சுகளை வைத்தார்கள். பெட்டிக்குக் காது இல்லையல்லவா? கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்று தெரிந்த ஒரு பெரிய மனிதர் போட்ட திட்டம் போலிருக்கிறது.

அந்த இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சி வரையில் கொண்டுவந்த தபாலைத்தான் 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா 'புஸ் மாத்' என்ற சின்னஞ்சிறு விமானத்தில் ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குப் பறந்தார். பம்பாயிலிருந்து நெவில் வின்ஸெண்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் பல சிறு விமானங்களில் விமானியின் தலை திறந்த வெளியில்தான் இருக்கும். 'புஸ் மாத்'துக்கோ மூடிய அறை உண்டு. இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. அந்தத் துணிச் சுவரே அன்றைக்கு ஒரு பெரிய சௌகரியம்.

ஆனால் சத்தத்தை ஒரு சாஸ்திரமாகப் பார்த்த வேலை அமெரிக்காவில்தான் நடந்தது. 1932-ல் டி. டபிள்யூ. ஏ. என்ற விமானக் கம்பெனிக்குப் புதிய விமானம் தேவைப்பட்டது. டக்ளஸ் கம்பெனி அதைக் கட்டிக் கொடுக்க முன்வந்தது. அந்த 'டி.சி. 1' விமானம் 1933 ஜூலை 1-ம் தேதி முதல் தடவை பறந்தது. அதன் உள்ளறையை அமைதியாக்கும் பொறுப்பு ஸ்பெரி கம்பெனியின் ஸ்டீபன் ஸாண்ட் என்ற ஒலி நிபுணரிடம் வந்தது. அவர் சத்தத்தை அளக்கும் கருவிகளோடு விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்தார். 'இரைச்சலாக இருக்கிறது' என்று சொல்வதில் பயனில்லை. எங்கிருந்து வருகிறது, எந்த ஸ்தாயியில் வருகிறது, எந்த வழியாக நுழைகிறது என்று தெரிய வேண்டும். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல அவர் விமானத்தின் நாடியைப் பார்த்தார்.

அவரும் அவர் காலத்தவர்களும் கண்டறிந்த விதிகள் நம் வீட்டுச் சமாசாரம் போலத்தான் இருக்கின்றன. காற்று நுழையும் வழியெல்லாம் சத்தமும் நுழையும். ஆகையால் முதலில் இடுக்குகளை அடைக்க வேண்டும். அடைக்காத ஒரு சிறு துவாரம், செய்த மற்ற வேலைகளில் பாதியை வீணாக்கிவிடும். இரண்டாவது, தகடு அதிர்வதை நிறுத்த வேண்டும். வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டினால் கணகணவென்று ஒலிக்கிறது. அதன்மேல் கையை வைத்தால் அடங்கிவிடுகிறது. அந்தக் கையின் வேலையைத் தகட்டின் உட்புறம் ஒட்டிய கனத்த பூச்சு செய்கிறது. மூன்றாவது, எஞ்சினுக்கும் உடம்புக்கும் நடுவே, நாற்காலிக்கும் தரைக்கும் நடுவே ரப்பர் வைக்க வேண்டும். நான்காவது, சுவருக்குள் மெத்தென்ற பொருளைத் திணிக்க வேண்டும். உள்ளே வந்த ஒலி, நார்களுக்கு நடுவே அலைந்து அலைந்து களைத்துப்போகும்.

அந்த மெத்தென்ற பொருள் என்ன என்று தேடிப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அந்நாளைய விமானச் சுவர்களுக்குள் திணித்த பொருள்களில் முக்கியமானது எது தெரியுமா? இலவம் பஞ்சு! எங்கள் பாட்டி தலையில் ஒட்டிக்கொண்ட அதே பஞ்சு. இதன் நார் உள்ளே வெறும் கூடு. மேலே மெழுகுப் பூச்சு. ஆகையால் கனம் இல்லை, தண்ணீரில் ஊறாது. சூட்டையும் சத்தத்தையும் ஒருங்கே தடுக்கும். போடிக்காரனுக்கு நியாயமாக வரவேண்டிய பெருமை, ஜாவாத் தீவுக்குப் போய்விட்டது. உலகச் சந்தைக்கு அன்று பெருமளவு இலவம் பஞ்சை அனுப்பியது ஜாவாதான். 'இலவு காத்த கிளி' என்று ஏமாந்தவனைச் சொல்கிறோம். கிளி ஏமாந்தது வாஸ்தவம். ஆனால் காய் வெடித்துப் பறந்த பஞ்சு ஆகாயத்துக்கே போய்விட்டது!

டி.சி. 1 ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது. அதன் தம்பி டி.சி. 2, அடுத்த தம்பி 1935 டிசம்பர் 17-ல் பறந்த டி.சி. 3. அதுதான் நம் நாட்டில் பல்லாண்டுகள் பறந்த 'டகோட்டா'வின் மூலம். இந்தக் குடும்பம் வந்த பிறகு, விமானத்துக்குள் பக்கத்திலிருப்பவரிடம் சாதாரணக் குரலுக்குச் சற்றே மேலான குரலில் பேச முடிந்தது. இரண்டாவது அத்தியாயத்தில், பஞ்சு காதிலிருந்து சுவருக்குக் குடிபெயர்ந்தது.

*

பிறகு யுத்தம் வந்தது. குண்டு விமானத்துக்குள் எட்டுப் பத்து மணி நேரம் இரைச்சலில் உட்கார்ந்திருக்கும் வீரர்களின் மூளை மழுங்கிவிடுமோ என்று அமெரிக்க ராணுவத்துக்குக் கவலை பிறந்தது. 1940-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் இரண்டு ஆராய்ச்சிக் கூடங்கள் தோன்றின. மனித மனத்தை ஆராயும் கூடத்துக்கு எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் தலைவர்; சத்தத்தை அடக்கும் கூடத்துக்கு லியோ பெரானெக் தலைவர். பெரானெக்குக்கு அப்போது வயது 26.

1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் வசமாயிற்று. இலவம் பஞ்சு வரத்து நின்றது. உயிர்காக்கும் மிதவைச் சட்டைக்கும் அந்தப் பஞ்சுதான் வேண்டும். 1944-ல் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் வயலோரத்தில் வளரும் ஒரு பால்செடியின் காய்களைப் பறித்து மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். அது நம் ஊர் எருக்கஞ்செடியின் ஒன்றுவிட்ட சகோதரம். விமானச் சுவருக்கோ இன்னொரு மாற்று வந்தது: மயிரிழையைவிட மிக மிக மெல்லியதாக இழுத்த கண்ணாடி நார். தீப்பிடிக்காது, கனமும் இல்லை. இன்று பெரிய விமானங்களின் சுவர்ப் போர்வையெல்லாம் பெரும்பாலும் கண்ணாடி நார்தான்.

பெரானெக் தம் சோதனைகளுக்காக ஓர் அறை கட்டினார். சுவர், கூரை, தரை எங்கும் கண்ணாடி நாரால் ஆன ஆப்புகளை உள்நோக்கி நிறுத்தினார். நடப்பதற்குக் கம்பி வலை. அந்த அறையில் கைதட்டினால் எதிரொலி துளியும் திரும்பாது. அன்று உலகத்தில் அதைவிட நிசப்தமான இடம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

1951-ல் ஜான் கேஜ் என்ற சங்கீதக்காரர் அந்த மாதிரி ஓர் அறையைப் பார்க்க ஹார்வர்டுக்கு வந்தார். பூரண நிசப்தம் எப்படி இருக்கும் என்று கேட்க ஆசை. உள்ளே போய் உட்கார்ந்தவருக்கு இரண்டு ஒலிகள் கேட்டன: ஒன்று மேல் ஸ்தாயி, ஒன்று கீழ் ஸ்தாயி. வெளியே வந்து அங்கிருந்த எஞ்சினீயரிடம் கேட்டார். கீழ் ஒலி உம்முடைய ரத்த ஓட்டம், மேல் ஒலி உம்முடைய நரம்பு மண்டலம் என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு, நாலு நிமிஷம் முப்பத்து மூன்று வினாடி ஒன்றும் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கும் பிரசித்தமான உருப்படியை அவர் இயற்றினார். அந்த மேல் ஒலி நரம்பு மண்டலமாக இராது, காதுக்குள்ளேயே பிறக்கும் ரீங்காரமாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்கு மொட்டை மாடியும் மாமாவும் நினைவுக்கு வந்தார்கள். அந்த விஷயத்தைக் கொஞ்சம் ஒத்திவைக்கிறேன்.

*

பெரிய விமானத்துக்குப் பணம் இருக்கிறது, எஞ்சினீயர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் கொட்டகையில் தானே விமானம் கட்டுகிறவன் என்ன செய்வான்?

அப்படியும் கட்டுகிறார்களா என்று கேட்காதீர்கள். 1953-ல் அமெரிக்காவில் பால் பாபரெஸ்னி என்பவர், சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்காக மில்வாக்கி நகரில் ஒரு சங்கம் தொடங்கினார். இன்று அந்தச் சங்கத்தின் வருடாந்தரத் திருவிழாவுக்கு, ஆஷ்காஷ் என்ற ஊரில், ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்து இறங்குகின்றன. காரை நிறுத்துமிடத்தில் கட்டிய விமானத்தில் மனைவியை ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மனைவிமார்களின் தைரியத்தைப் பற்றித் தனிக் கட்டுரை எழுத வேண்டும்.

இவர்களுடைய சங்கடம் கனம். சத்தத்தை மறிப்பதில் ஒரு கொடுமையான விதி இருக்கிறது. சுவரின் கனத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் சுமார் 6 டெசிபெல்தான் குறையும். மேலும் 6 குறைய வேண்டுமானால் நான்கு மடங்கு ஆக்க வேண்டும். சிறு விமானத்திலோ ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குண்டு. 10 கிலோ மெத்தை போட்டால் சுமார் 14 லிட்டர் பெட்ரோலை விட்டுவிட்டுப் போக வேண்டும். அது ஏறக்குறைய அரைமணி நேரப் பறப்பு. மழையும் இருட்டும் சூழ்ந்திருக்கும்போது, அடுத்த ஊர் கண்ணில் படுமுன் அந்த அரைமணி தேவைப்படலாம். அப்போது மெத்தையா காப்பாற்றும்?

இன்னொரு சங்கடம், அந்த எஞ்சினின் குரல். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 2400 சுற்று சுற்றினால் வினாடிக்கு 80 தடவை வெடிக்கிறது. இரண்டு இதழ் விசிறியும் அதே வினாடியில் 80 தடவை காற்றை அறைகிறது. இரண்டும் சேர்ந்து எழுப்புவது தவிலின் தொப்பிப் பக்கம் போன்ற அடிக்குரல். பஞ்சும் கண்ணாடி நாரும் கீச்சுக் குரலைச் சாப்பிட்டுவிடும்; அடிக்குரல் அவற்றை லட்சியம் செய்யாமல் ஊடுருவி வரும். ஆகையால் அநுபவசாலிகள் சொல்லும் முறை சிக்கனமானது. எஞ்சினுக்கும் அறைக்கும் நடுவேயுள்ள எஃகுத் தடுப்பில் கம்பிகளும் குழாய்களும் நுழையும் துவாரங்களை முதலில் அடை. கதவு விளிம்புக்கு நல்ல பட்டை போடு. தகட்டின் நடுப்பகுதியில் மட்டும் அதிர்வை அடக்கும் பட்டியை ஒட்டு. மிச்சத்துக்கு மெல்லிய போர்வை. தண்ணீரை உறிஞ்சும் பொருள் கூடாது. ஈரம் தங்கினால் கனமும் ஏறும், அலுமினியமும் அரிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதை ஒட்டுவதானாலும் முதலில் அதில் ஒரு துண்டை வெட்டி, வாசலில் வைத்து நெருப்புக் குச்சியைக் காட்டிப் பார்.

இந்தக் கடைசி விதி வேடிக்கையல்ல. 1998 செப்டம்பர் 2-ம் தேதி நியூயார்க்கிலிருந்து ஜினீவாவுக்குப் புறப்பட்ட ஒரு சுவிஸ் விமானம் கனடாக் கரையோரம் கடலில் விழுந்து 229 பேரும் மாண்டார்கள். கூரைக்கு மேலே மின்சாரக் கம்பியில் பிறந்த பொறி, சத்தத்தையும் குளிரையும் தடுக்கப் போட்டிருந்த போர்வையின் பளபளப்பான மேலுறையைப் பற்றிக்கொண்டு பரவியது. கண்ணாடி நார் எரியவில்லை. அதைச் சுற்றிய மெல்லிய உறைதான் எரிந்தது. அந்த உறை அந்நாளையச் சோதனையில் தேறிய பொருள்தான். பிறகு சோதனை முறையையே மாற்றினார்கள். மற்ற விமானங்களிலிருந்து அந்த உறையை அகற்ற உத்தரவு போட்டார்கள். அமைதிக்காகச் சுவருக்குள் வைத்த பொருளே யமனாகலாம் என்பது அந்த 229 உயிர்கள் சொல்லிவிட்டுப் போன பாடம்.

*

சொந்தமாகக் கட்டிய விமானங்களிலெல்லாம் புகழ்பெற்றது 'வாயேஜர்'. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்களின் கையால் உருவானது. 1986 டிசம்பர் 14-ம் தேதி டிக் ரூட்டன் என்ற ஆணும் ஜீனா யேகர் என்ற பெண்ணும் அதில் ஏறி, நடுவே இறங்காமல், எண்ணெய் நிரப்பாமல் பூமியைச் சுற்றிவந்து டிசம்பர் 23-ம் தேதி இறங்கினார்கள். 9 நாள், 3 நிமிஷம், 44 வினாடி. இருவருக்கும் சேர்த்து, தொலைபேசிக் கூண்டைப் படுக்கவைத்தது போன்ற இடம். முன்னே ஒரு எஞ்சின், பின்னே ஒரு எஞ்சின். புறப்படும்போது விமானத்தின் எடையில் எழுபது சதவிகிதத்துக்கு மேல் எரிபொருள்! அங்கே மெத்தைக்கு எங்கே இடம்? கரிநாரும் தேன்கூடு அட்டையும் கொண்டு செய்த உடம்பு மத்தளம் போல அதிர்ந்தது. அப்படியே ஒன்பது நாள் இருந்தால் காது நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்ற பயம் இருந்தது.

காப்பாற்றியது பஞ்சு அல்ல, இன்னொரு சத்தம். குளத்தில் ஒரு கல்லைப் போட்டால் அலை எழுகிறது. அந்த அலையின் முகடு வரும் இடத்தில் பள்ளம் வரும்படி இன்னொரு அலையை எழுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். சத்தத்தையும் இப்படிச் செய்யலாம் என்று பால் லூக் என்ற ஜெர்மானியர் 1936-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அதைச் செய்யத்தக்க கருவி அன்று இல்லை. 1978-ல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்த அமர் போஸ் என்ற பேராசிரியர், விமானத்தில் கொடுத்த காதணியில் பாட்டு சரியாகக் கேட்காமல் எரிச்சலடைந்து, இறங்குவதற்குள் காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டார். வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிப்போன ஒரு சுதந்திரப் போராட்டக்காரரின் மகன் இவர். எந்தச் சத்தம் வருகிறதோ அதற்கு நேர் எதிரான சத்தத்தைக் காதருகே உண்டாக்கும் கருவி அது. கடைக்கு வருமுன்பே 'வாயேஜர்' விமானிகள் அதன் முன்மாதிரியை அணிந்து பறந்தார்கள். 1989-ல் விமானிகளுக்காக விற்பனைக்கு வந்தது. பஞ்சுக்கு அடங்காத அந்த அடிக்குரலை அடக்குவதில்தான் இது கெட்டிக்காரக் கருவி. கனமோ ஒரு தேங்காய் மூடி அளவுகூட இல்லை. இன்றைக்குச் சிறு விமானம் கட்டுகிறவர்கள் பலர் சுவரை ஓரளவு மட்டும் சரிசெய்துவிட்டு, மிச்சத்தை இந்தக் காதணியிடம் விட்டுவிடுகிறார்கள்.

ஆக, பஞ்சு காதிலிருந்து சுவருக்குப் போயிற்று. காவல் மறுபடியும் காதுக்கே திரும்பி வந்தது.

*

சரித்திரம் முடிந்துவிட்டது. மாமாவின் கதைதான் பாக்கி.

பேரிரைச்சலில் நெடுங்காலம் இருந்த காது வெறுமனே மந்தமாவதில்லை. உள்ளே இருக்கும் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை மடிந்தால் மறுபடி முளைப்பதில்லை. அந்த வெற்றிடத்தில் பலருக்கு ஒரு ரீங்காரம் குடியேறிவிடுகிறது. வெளியே சத்தம் இருக்கும்வரை அது மறைந்திருக்கும். ஊர் அடங்கியதும் எழுந்துகொள்ளும். மெல்லிய வெளியிரைச்சல் ஒன்றை ஓடவிட்டால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். வைத்தியர்களே இதைச் சிகிச்சையாகச் சொல்கிறார்கள். மாமாவுக்கு எந்த வைத்தியரும் சொல்லவில்லை. அவரே இரண்டு நிலையங்களுக்கு நடுவில் தமக்கு வேண்டிய மருந்தைக் கண்டுபிடித்துக்கொண்டார். நாங்கள் அதைப் பாட்டரிச் செலவு என்று நினைத்தோம்.

சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு. ஸாண்டும் பெரானெக்கும் உட்பக்கத்தில் இருந்தவர்களுக்காகப் பாடுபட்டார்கள். அது நல்ல காரியம்தான். ஆனால் எஞ்சினைத் தட்டி எழுப்பி, அதன் குரலைச் சோதித்து, 'சரி, பறக்கலாம்' என்று கட்டைவிரலை உயர்த்திய மனிதன் வெளிப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே போகிறவர்களுக்குத் தட்டில் பஞ்சு வந்தது. வெளியே நின்றவனுக்கு வரவில்லை. இன்று ஓடுபாதையில் வேலை செய்கிறவர்கள் காதுக்குப் பெரிய மூடி போட்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது.

மாமா ஓய்வுபெற்றுப் போடிக்கே வந்து சேர்ந்தார். கடைசி நாட்களில் அவருக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. ஒருநாள் அந்தப் பழைய கேள்வியை நினைவுபடுத்தி, 'மாமா, ராத்திரியிலே உங்களுக்கு என்ன கேக்கும்?' என்று எழுதிக் காட்டினேன். அவர் வெகுநேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஞ்சின்தான் மாப்ளே. யாரும் நிறுத்தாமப் போயிட்டாங்க" என்றார்.

அன்று இரவு அவர் தூங்கிய பிறகு போய்ப் பார்த்தேன். ரேடியோ 'உஸ்' என்று இரைந்துகொண்டிருந்தது. தலைக்கு எங்கள் வீட்டு இலவம் பஞ்சுத் தலையணை. பாட்டரி தீரும் தறுவாயில் இருந்ததால் குரல் கம்மியிருந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கடைத்தெருவுக்குப் போய் நான்கு பாட்டரிகள் வாங்கி வந்தேன்.